தும்பைப் பூவுக்குள் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இந்தப் பக்கத்தில் ஒரு தும்பைப் பூவின் படம் வந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பூ, பக்கம் முழுக்க விரிந்து நின்றது. அதன் மேலுதடு முக்காடு போட்ட மாதிரி வளைந்திருப்பதும், அந்த முக்காட்டின் மேல் பஞ்சு போல வெள்ளை ரோமம் அடர்ந்திருப்பதும், மகரந்தத் தாள்கள் அதற்கடியில் ஒண்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தன. "வயல் வரப்பில் எத்தனை வருஷம் மிதித்து நடந்திருக்கிறேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த மாதக் கேள்விகள் பெரும்பாலும் அந்தப் படத்தைத் தொட்டுத்தான் வந்திருக்கின்றன.

*

அண்ணன் தன் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவையும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸையும் கொடுத்துவிட்டான். பூக்களை நெருக்கத்தில் எடுக்க ஆசை. மேக்ரோ லென்ஸ் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது சார். அது இல்லாமல் முடியாதா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

முடியும். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் கிட் லென்ஸின் ஜூமை 55 மி.மீ.-இல் வைத்து, கால் மீட்டர் தூரம் வரை நெருங்கிப் பாருங்கள். ஏறக்குறைய 6 செ.மீ. அகலமுள்ள இடம் படம் முழுவதையும் நிரப்பும். ஒரு நித்தியகல்யாணிப் பூவுக்கு இது தாராளம், செம்பருத்தியின் நடுப்பகுதிக்கும் போதும். முதல் மூன்று மாதம் இதிலேயே எடுங்கள்.

தும்பை அளவுக்குச் சின்ன பூவுக்குப் போகும்போதுதான் இது போதாது. அப்போது இருக்கிற வழிகளில் எனக்குப் பிடித்தது எக்ஸ்டென்ஷன் ட்யூப். அதற்குள் கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய்தான். லென்ஸைக் கேமராவிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது, அதனால் லென்ஸ் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறது. கணக்கும் சுலபம்: குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோக்கல் நீளத்தால் (லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்) வகுத்தால் எவ்வளவு பெரிதாகும் என்று தெரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் போட்டால் பாதி அளவு, அதாவது பூவில் 2 மி.மீ. இருப்பது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் 1 மி.மீ. ஆக விழும். லென்ஸ் தானாகத் தருகிற கொஞ்சமும் இதோடு சேரும். ஒன்று மட்டும் கவனியுங்கள், கிட் லென்ஸை 18-இல் வைத்துக் குழாய் மாட்டினால் ஃபோகஸ் ஆகும் இடம் லென்ஸுக்கு உள்ளேயே போய்விடும், எதுவும் தெரியாது. கெட்டுப்போன குழாயை விற்றுவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், 55-க்குத் திருப்புங்கள். வாங்கும்போது மின் தொடர்பு உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, கேமராவிலிருந்து மாற்ற முடியாது.

லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற க்ளோசப் ஃபில்டரும் உண்டு. ரெய்னாக்ஸ் டிசிஆர்-250 மாதிரி நல்லதாகக் கிடைத்தால் அருமை, ஒற்றைக் கண்ணாடியில் வருகிற மலிவானவற்றில் ஓரமெல்லாம் குழைந்துவிடும்.

கருவி பற்றிய ஏக்கம் வரும்போது காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். 1912-இல் பிறந்து 1996 வரை வாழ்ந்த மனிதர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை அமைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் பறவைகளையும் எடுத்தார். அவர் கையில் இருந்ததைவிட வசதியான பெட்டி இன்று உங்கள் கையில் இருக்கிறது.

*

பூவின் ஒரு இடம் மட்டும் பளிச்சென்று விழுகிறது, மீதியெல்லாம் மங்கல். ஃபோகஸ் சரியாகத்தான் வைக்கிறேன். எங்கே தப்பு?
– வங்கி ஊழியர், ஈரோடு

உங்கள்மேல் தப்பில்லை. நெருங்க நெருங்கத் தெளிவாக விழுகிற ஆழம் சுருங்கிக்கொண்டே போகும், அது ஒளியின் இயல்பு. முழு அளவு சென்சார் உள்ள கேமராவில், பூவின் உண்மை அளவே சென்சாரில் விழும்படி நெருங்கி, அப்பர்ச்சரை எஃப் 8-இல் வைத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர். பாதி அளவுக்கு நெருங்கினால் சுமார் 3 மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

"அப்போது துளையை இன்னும் சின்னதாக்கி எஃப் 22 வைத்துவிடலாமே" என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. ஆனால் இந்த நெருக்கத்தில் அப்பர்ச்சர் எண் அப்படியே இருப்பதில்லை. உண்மை அளவில் எடுக்கும்போது எஃப் 22 என்பது எஃப் 44 போல வேலை செய்யும். அவ்வளவு சின்ன துளை வழியே வரும் ஒளி சிதறிவிடுவதால் படம் முழுவதுமே சோப்புத் தண்ணீரில் நனைத்த மாதிரி மென்மையாகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்துக்கொள்ளுங்கள். மீதியை நீங்கள் நிற்கும் இடத்தால் சரிசெய்ய வேண்டும்.

ஒரு செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குத் தண்டு நீண்டு வருகிறது, அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள், நுனியில் வெல்வெட் பொட்டு மாதிரி ஐந்து சூலக முடிகள். பூவுக்கு நேர் எதிரே நின்றால் அந்தத் தண்டு உங்கள் லென்ஸை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இருப்பதோ சில மில்லிமீட்டர் ஆழம், தண்டோ ஆறேழு செ.மீ. நுனி தெளிந்தால் அடி போச்சு, அடி தெளிந்தால் நுனி போச்சு. இப்போது அப்படியே கால் வட்டம் சுற்றிப் பூவின் பக்கவாட்டுக்கு வாருங்கள். தண்டு முழுவதும் உங்கள் சென்சாருக்கு இணையாகப் படுத்துக்கொள்கிறது. அதே லென்ஸ், அதே எஃப் 8, ஆனால் அடியிலிருந்து ஐந்து பொட்டுகள் வரை எல்லாமே தெளிவு. இதழ்கள் பின்னால் சிவப்புத் திரை மாதிரி கரைந்து நிற்கும். வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும்போதும் இதேதான், சிறகின் தட்டைப் பரப்பும் கேமராவின் முதுகும் இணையாக இருக்க வேண்டும்.

அடுத்தது, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முடிவு செய்து லென்ஸின் வளையத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, வேண்டிய இடம் தெளியும் கணத்தில் ஐந்தாறு படங்கள் தொடர்ந்து எடுங்கள். பத்தில் ஒன்று தேறினால் நல்ல நாள்.

காற்று வேறு இருக்கிறது. நம் ஊரில் விடிந்து ஒரு மணி நேரம்தான் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். மற்ற நேரத்தில் ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி, துணி காயப்போடும் கிளிப்பால் பூக்காம்பை அதோடு தளர்வாகப் பிடித்து வைக்கலாம். ஷட்டர் வேகம் 1/200 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) கூடிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அதைப் பிறகு கொஞ்சம் சரிசெய்யலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

*

சிவப்பு ரோஜா, செம்பருத்தி எதை எடுத்தாலும் சிவப்புச் சாயம் கொட்டின மாதிரி வருகிறது. இதழின் நரம்பு, மடிப்பு ஒன்றும் தெரிவதில்லை.
– ஆசிரியை, நாகர்கோவில்

கேமரா பச்சை, நீலம், சிவப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்து வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பூவில் இருப்பதோ சிவப்பு மட்டும். மொத்தமாகப் பார்த்தால் எல்லாம் சரி என்று கேமரா நினைக்கும்போதே சிவப்புப் பகுதி நிரம்பி வழிந்துவிடும், வழிந்த இடத்தில் நரம்பு எது மடிப்பு எது என்ற தகவலே பதிவாகாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 பக்கம் கொண்டுபோங்கள். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) காட்டும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். நேர் வெயிலில் எடுக்காதீர்கள், மேகமூட்டம் போதும். மேகம் இல்லையா, ஒரு வெள்ளை வேட்டியை இருவர் பிடித்துக்கொண்டு பூவுக்கு மேலே நிழல் கட்டுங்கள். மல்லிகை, நந்தியாவட்டைக்கு நிலைமை தலைகீழ். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், கொஞ்சம் ப்ளஸ் பக்கம் போக வேண்டும்.

*

என்னிடம் செல்போன் மட்டும்தான். அதில் 'மேக்ரோ' என்று ஒரு லென்ஸ் இருக்கிறது, ஆனால் படம் மோசமாக வருகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

விலை குறைந்த போன்களில் அந்த மேக்ரோ லென்ஸுக்குப் பின்னால் வெறும் 2 மெகாபிக்சல்தான் இருக்கும், அதை மறந்துவிடுங்கள். பிரதான கேமராவில் ஒரு சாண் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து, பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி எடுங்கள். கார்த்திகை மாதத்தில் வேலியில் காந்தள் பூக்கும்போது முயன்று பாருங்கள், அதன் இதழ்கள் மேல்நோக்கி மடிந்து நெருப்பு மாதிரி நிற்பதும், சூலகத் தண்டு மட்டும் பக்கவாட்டில் ஒடிந்தாற்போல் திரும்பியிருப்பதும் போனிலேயே அழகாக விழும். இதழ் பச்சையில் தொடங்கி, மஞ்சளாகி, சிவப்பாகிற வரை நாலைந்து நாள் தொடர்ந்து போனால் ஒரு தொடர் படமே கிடைக்கும். கிழங்கு கடுமையான விஷம், செடியைப் பிடுங்கவோ குழந்தைகளைத் தொடவிடவோ வேண்டாம்.

*

பூ எடுக்க ஊட்டிக்குப் போவது நல்லதா, கொடைக்கானலா?
– வாசகர், சேலம்

போய் வாருங்கள், இரண்டும் நல்ல ஊர்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் தெருமுனையில் நிற்கும் எருக்கஞ்செடிக்கு ஒரு மாதம் கொடுங்கள். தினமும் காலை பதினைந்து நிமிடம் போதும். பூவின் நடுவில் கிரீடம் மாதிரி ஐந்து முகடுகள் இருக்கும், அதில் மரத்தைத் துளைக்கும் கருவண்டு வந்து இறங்கும்போது பூக்கொத்தே தாழ்ந்து போகும். குருத்து இலையில் மஞ்சள் மஞ்சளாக அசுவினி மொய்த்திருக்கும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும். இலையைத் திருப்பிப் பார்த்தால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி ஒற்றையாக இட்டுப்போன முட்டை தெரியலாம், சில நாளில் அதிலிருந்து கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு புழு வரும், அது கூட்டுப்புழுவாகித் தொங்கும். ஒரே செடியில் இவ்வளவும் நடக்கிறது. இரண்டு நாள் சுற்றுலாவில் எந்தத் தாவரவியல் பூங்காவிலும் இது கிடைக்காது, ஏனென்றால் மறுநாளும் வந்து பார்க்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையைக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள்.

*

பூச்சியைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாமல் உட்காருமாம். நண்பர் செய்கிறார். செய்யலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

செய்யாதீர்கள். உங்கள் நண்பரிடமும் சொல்லுங்கள். குளிரில் விறைத்துப்போன பூச்சி படத்திலும் விறைத்துத்தான் தெரியும், கால்களை வைத்திருக்கும் விதத்திலேயே பார்த்துப் பழகியவர்களுக்குப் புரிந்துவிடும். அசையாத பூச்சி வேண்டும் என்றால் மார்கழி, தை விடிகாலையில் போங்கள். வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் புல் நுனியில் பனித்துளியோடு தாமாகவே அமர்ந்திருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பல வருஷம் முன்பு எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தையல்சிட்டு ஒன்று இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். வெளிச்சம் போதவில்லை என்று மறைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு இலையை நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டினேன், படம் எடுத்து முடித்து அவிழ்த்தும் விட்டேன். மறுநாள் காலை கூடு காலி. எது வந்தது என்று தெரியாது, ஆனால் அந்த இலை எதற்காக அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை எங்கும் வெளியிட்டதில்லை. அதற்கப்புறம் கூட்டுக்குப் பக்கத்தில் நான் லென்ஸோடு போவதே இல்லை.

உங்கள் தோட்டத்துப் பூவின் மேல் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் குற்றமில்லை. பூச்சியின் மேல் வேண்டாம். அரிய ஆர்க்கிட் எதையாவது கண்டால் படத்தோடு இடத்தைப் போடாதீர்கள், பறித்துக்கொண்டு போக ஆள் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

*

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது.
– வாசகி, சென்னை

பூஞ்சை. கடலோர ஈரக்காற்றுக்கு இது சகஜம். உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள், மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள். இனிமேல் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், தோல் பையில் பூட்டி வைப்பதுதான் மிக மோசம்.

*

எனக்கு வயது 68. மாடியில் தொட்டிச் செடிகள் வைத்திருக்கிறேன். குனிய முடியவில்லை, கை வேறு லேசாக நடுங்குகிறது. இந்த வயதில் இது சரிப்படுமா தம்பி?
– வாசகி, மதுரை

நிச்சயமாகச் சரிப்படும் அம்மா. நீங்கள் பூவிடம் குனிய வேண்டாம், பூவை உங்கள் உயரத்துக்குக் கொண்டுவரலாம், தொட்டிச் செடியில் இருக்கிற பெரிய வசதியே அதுதான். வீட்டில் யாரையாவது விட்டுச் சங்குப்பூத் தொட்டியை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னொரு ஸ்டூலில் துணிப்பையில் பாதி அளவு அரிசி நிரப்பிக் கட்டி வைத்து, அதன் மேல் கேமராவையோ போனையோ பதித்து வையுங்கள். பை உங்கள் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். 2 நொடி டைமர் போட்டுவிட்டால் பொத்தானை அழுத்தும்போது வரும் ஆட்டமும் படத்தில் விழாது.

காலை வெயில் பூவில் படும்படியும், பின்னால் இருக்கும் சுவர் நிழலில் இருக்கும்படியும் தொட்டியைத் திருப்பி வையுங்கள். சுவர் கறுத்துப்போய், நீலப்பூ மட்டும் தனியாக மிதக்கும். எடுத்ததும் முதல் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள், பூ எத்தனை மணிக்கு விரிந்தது என்றும் எழுதுங்கள்.