அறுந்த கேசட்டை ஒட்டுவதற்கு முன் கார் ஸ்டீரியோவைப் பாருங்கள்

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறோம். அப்பாவின் பிரீமியர் பத்மினி காரில் உள்ள ஸ்டீரியோ ஒரு கேசட்டின் நாடாவை இழுத்து அறுத்துவிட்டது. இன்னொன்றில் பாட்டு மந்தமாகக் கேட்கிறது. சிலவற்றில் வெள்ளையாகப் பூசணம். காப்பாற்ற வழி உண்டா?

பதில்: மூன்றுக்கும் வழி உண்டு. ஆனால் ஒட்டிய கேசட்டை உடனே அதே ஸ்டீரியோவில் போட்டால் மறுபடி இழுத்துவிடும். கேப்ஸ்டன் தண்டும் ரப்பர் ரோலரும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றிக்கொள்ள வேண்டிய சக்கரம் நின்றுவிட்டால் நாடா ரோலரில் போய்ச் சிக்கும். பெரும்பாலும் அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கும். வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு 10 விநாடியில் வெளியே எடுங்கள். நாடா வளையமாகத் தொங்கினால் பெல்ட்டை மாற்றுங்கள். நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும் கேப்ஸ்டனிலும் படிந்த பழுப்புக் கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ரப்பர் ரோலருக்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

இனி அறுந்த நாடா. கேசட்டில் 5 ஸ்க்ரூ இருந்தால் மேசையில் படுக்கவைத்து, மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள். மூலையில் உள்ள இரண்டு சின்ன ரோலர்கள் உருண்டு ஓடிவிடும், முதலிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கேசட் என்றால் விளிம்பில் பிளேடால் பிளந்து, நாடாவை ஸ்க்ரூ உள்ள வேறு காலி கேசட்டுக்கு மாற்றுவதே நல்லது. இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 45 டிகிரி சாய்வில் ஒரே வெட்டாக வெட்டி, இடைவெளியோ ஏறுதலோ இல்லாமல் சேருங்கள். ஹெட்டைத் தொடுவது வெளிப்பக்கம். அதனால் உட்பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும், அதுவும் கேசட்டுக்கென்றே வரும் ஸ்ப்ளைசிங் டேப்பில் ஒரு சென்டிமீட்டர். சாதாரண செல்லோ டேப் வேண்டவே வேண்டாம்: நம் ஊர் வெயிலில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், ஹெட்டையும் பாழாக்கும். கசங்கிய பகுதியை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். இறுக்கமாகச் சுற்றிச் சில நாள் வைத்தால் ஓரளவு படியும். கிழிந்திருந்தால் மட்டும் வெட்டலாம். நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுவதால் 5 செ.மீ. போனாலும் இழப்பு ஒரு விநாடிதான், ஆனால் இரு பக்கப் பாட்டிலும் இழப்பீர்கள்.

மந்தமாகக் கேட்கும் கேசட்டின் நடுவில், செம்புத் தகட்டின்மேல் சின்னப் பஞ்சுப் பட்டை இருக்கிறதா பாருங்கள். பழைய பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் நாடா ஹெட்டோடு அழுந்தாது, கூர்மையான ஒலிகள் முதலில் போய்விடும். காலி கேசட்டின் தகட்டைப் பட்டையோடு அப்படியே மாற்றிவிடுங்கள். எல்லா கேசட்டும் மந்தம் என்றால் அது பெரும்பாலும் ஹெட் அழுக்கு.

பூசணம் பிடித்தவற்றை எதிலும் ஓட்டாதீர்கள், மற்றவற்றுக்கும் பரவும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு வாரம் உலரவைத்து, பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, பென்சிலால் சுற்றியபடியே நூல் உதிராத உலர்ந்த துணியால் நாடாவைத் துடையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது. கடல் காற்று ஈரம் நிறைந்த ராயபுரத்தில், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்த டப்பாதான் அவற்றுக்கு வீடாக இருக்கட்டும்.

சரியான பிறகு, வீட்டு கேசட் டெக்கில் ஒருமுறை ஓட்டி, கணினியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். காருக்கு அதிலிருந்து வேறு கேசட்டில் எடுத்த நகல் போதும். அதற்கு சி-60 (60 நிமிடக் கேசட்) தேடுங்கள், சி-120 (120 நிமிடம்) நாடா மெல்லியது, பழைய ஸ்டீரியோவில் எளிதில் சிக்கும்.