பிளீசியோசார் பல் அசலா, போலியா?

கேள்வி: நான் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் காட்டுவதற்காக, இணையத்தில் ஒரு வியாபாரியிடம், பிளீசியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் பல் ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். மஞ்சள் நிறக் கல்லில் பதிந்திருக்கிறது. உடன் வந்த சான்றிதழில் ‘ஸரஃபாசாரா, கெம் கெம் ஆற்றுப் படிவு, மொரோக்கோ’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். கடலில் வாழ்ந்த விலங்கின் பல் ஆற்றுப் படிவில் எப்படிக் கிடைக்கும் என்று சக ஆசிரியர் கேட்கிறார். ஏமாந்துவிட்டேனா? அதே வியாபாரி முழுத் துடுப்பு ஒன்றையும் ஏழு கழுத்தெலும்புகளையும் 1,40,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பள்ளி நிர்வாகத்துக்கு ஆசை இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் பல் பெரும்பாலும் அசல்தான். அதைச் சுற்றியுள்ள கல்லில் ஒரு பகுதியும், அந்தச் சான்றிதழும்தான் போலி.

முதலில் பல்லைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பல் ஒல்லியாக, சற்றே உள்நோக்கி வளைந்து, குறுக்குவெட்டில் ஏறக்குறைய வட்டமாக இருக்கிறது. எனாமலில் அடியிலிருந்து நுனியை நோக்கி மெல்லிய வரிகள் ஓடுகின்றன. வழுக்கும் மீனையும் கணவாயையும் குத்திப் பிடிப்பதற்கான பல் இது, வெட்டுவதற்கானது அல்ல. அதே நாட்டில் கூடை கூடையாகக் கிடைக்கும், மொசாசார் என்ற வேறொரு கடல் ஊர்வனவின் பல் இதைவிடப் பருமனாக, முன்னும் பின்னும் கத்தி விளிம்பு போன்ற இரண்டு ஓரங்களுடன் இருக்கும். இந்த வேறுபாடு தெரிந்தால் உங்கள் தேவைக்குப் போதும்.

இவ்வளவு மலிவாக அசல் எப்படிக் கிடைக்கும் என்ற ஐயமும் வேண்டாம். பிளீசியோசார்களுக்கு வாழ்நாள் முழுதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. ஒரு விலங்கு இறந்தால் ஓர் எலும்புக்கூடுதான் மிஞ்சும். ஆனால் உயிரோடு இருக்கும்போதே அது எத்தனையோ பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுப் போயிருக்கும். ஆகவே ஒற்றைப் பல்லைப் போலியாகச் செய்வது வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது. பல்லைக் கல்லோடு சேர்த்து விற்றால் விலை கூடும் என்பதால் அவர்கள் செய்வது கல்லைத்தான். உங்கள் மூன்றாவது படத்தில், பல்லின் வேரைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கல்லின் நிறம் சற்று அடர்ந்திருப்பதைப் பாருங்கள். அது மணலையும் பசையையும் குழைத்து அப்பிய இடம். பஞ்சில் நகப்பூச்சு நீக்கியைத் தொட்டு அந்த ஓரத்தில் மட்டும் ஒற்றுங்கள். இயற்கைக் கல் அப்படியே இருக்கும், பசைக் கலவையாக இருந்தால் பெரும்பாலும் பிசுபிசுக்கும். பல்லின் மேல் ஒற்றிவிடாதீர்கள்.

இனி ஆற்று விவகாரம். உங்கள் சக ஆசிரியரின் கேள்வி நியாயமானது. ஆனால் அதை வைத்து மோசடி என்று முடிவு கட்டிவிட முடியாது. பிளீசியோசார்கள் கடல் ஊர்வன. டைனோசார்கள் அல்ல, சாரோப்டெரிஜியா என்ற தனிக் கிளையைச் சேர்ந்தவை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டிரையாசிக் காலத்தின் கடைசியில், கடலில் நீந்தத் தொடங்கிவிட்டன என்பதை ஜெர்மனியில் கிடைத்த ரேட்டிகோசாரஸ் காட்டுகிறது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்களோடு சேர்ந்து அழிந்தன. பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஒரு குலம் முழுவதும் உப்பு நீரிலேயே இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில், டைனோசார் எலும்புகள் கிடைக்கும் ஆற்றுப் படிவுகளிலேயே ஃப்ளூவியோநெக்டிஸ் என்ற நீள்கழுத்து வகை கிடைத்து 2021-இல் பெயர் பெற்றது. மொரோக்கோவின் தென்கிழக்கே, அல்ஜீரிய எல்லையை ஒட்டிய கெம் கெம் படிவுகளிலும் 2022-இல் பிளீசியோசார்கள் பதிவாயின: சுமார் 3 மீட்டர் நீளமுள்ள முதிர்ந்தவற்றின் எலும்புகள், தேய்ந்த பற்கள், ஒன்றரை மீட்டர் நீளமே இருந்த குட்டி ஒன்றின் கை எலும்பு. வழிதவறிக் கடலிலிருந்து வந்த ஒன்றிரண்டு என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. பற்களின் தேய்மானத்தைப் பார்த்தால், அதே ஆற்றில் வாழ்ந்த ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசாரைப் போலவே கெட்டிச் செதில் மீன்களை அங்கேயே தங்கிக் கடித்துத் தின்றவை என்று தோன்றுகிறது. இந்தச் செய்தி வெளியானதும், ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகக் கதை சொல்லப்படும் நீள்கழுத்து விலங்குக்குச் சான்று கிடைத்துவிட்டது என்று எழுதிய நாளிதழ்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே என் இரத்த அழுத்தத்துக்கு நல்லது.

ஆக, கெம் கெம்மில் பிளீசியோசார் பல் கிடைக்கும். ஆனால் உங்கள் பல் அங்கிருந்து வந்ததல்ல. கெம் கெம் கல் பெரும்பாலும் செந்நிறம். உங்களுடையது வெளிர் மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்வது, காசாபிளாங்காவுக்குத் தென்கிழக்கே உள்ள குரிப்காவின் பாஸ்பேட் சுரங்கக் கல். முன்னது சுமார் 9.5 முதல் 10 கோடி ஆண்டுப் பழைய ஆறு. பின்னது டைனோசார் யுகத்தின் கடைசிக் காலக் கடல். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகள். போதாக்குறைக்கு, ஸரஃபாசாரா என்பது அந்தப் பாஸ்பேட் படிவுகளில் கிடைத்து 2011-இல் பெயரிடப்பட்ட விலங்கு; அரபியில் ஒட்டகச்சிவிங்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். சான்றிதழ் எழுதியவர் பெயரை ஓரிடத்திலிருந்தும் ஊரை வேறிடத்திலிருந்தும் எடுத்து ஒட்டியிருக்கிறார்.

இது எப்படி நேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தோண்டுபவர் ஒருவர், அவரிடம் மொத்தமாக வாங்கிச் சுத்தம் செய்பவர் ஒருவர், எர்ஃபூத், ரிஸ்ஸானி போன்ற ஊர்க் கடைகளில் வைத்திருப்பவர் ஒருவர், அங்கிருந்து ஐரோப்பாவுக்கோ இந்தியாவுக்கோ கொண்டுவரும் தரகர் ஒருவர். கை மாறும்போதெல்லாம் விலை ஏறுகிறது, எந்தக் குழியில் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற தகவல் தேய்கிறது. கடைசித் தரகர் தானே அச்சடித்து, தானே கையெழுத்திட்டு, தன் சரக்குக்குத் தானே வழங்கும் காகிதத்துக்குத்தான் ‘நம்பகச் சான்றிதழ்’ என்று பெயர். அதைச் சரிபார்க்கும் அமைப்பு எதுவும் கிடையாது. சந்தேகம் கேட்டு எழுதும் ஆசிரியருக்கு ஒரு வரி பதில் போடப் பெரிய நிறுவனங்களுக்கு நேரமில்லை; அந்த வெற்றிடத்தில்தான் இந்தக் காகிதங்கள் செழிக்கின்றன.

துடுப்புக்கு வருகிறேன். பிளீசியோசாரின் விரலெலும்புகள் உடுக்கை போல நடுவில் ஒடுங்கியிருக்கும். ஒரு விரலில் நம்மைப் போல மூன்றல்ல, பல எலும்புகள் தொடர்ந்து, நுனியை நோக்கிச் சீராகச் சிறுத்துக்கொண்டே போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த ‘முழுத் துடுப்பை’ப் பார்க்க என்னை அழைத்தார்கள். மூன்றாவது விரலில் பெரிய எலும்புக்கு முன்னால் சிறியது, அதற்கு முன்னால் மறுபடியும் பெரியது. குறைந்தது மூன்று விலங்குகளின் எலும்புகள் அதில் இருந்தன. அவர்கள் கொடுத்த விலையை இங்கே எழுத மனம் வரவில்லை.

கழுத்தெலும்பைச் சோதிப்பது எளிது. எலும்பைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிளீசியோசார் என்றால் இரண்டு சிறு துளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எலும்பின் இரு முகங்களும் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். ஒரு முகம் குழியாகவும் மறுமுகம் குமிழாகவும் இருந்தால் அது மொசாசார். ஆனால் ஏழும் இந்தச் சோதனையில் தேறினாலும், ஏழும் ஒரே விலங்கினுடையவை என்று ஆகிவிடாது.

இந்த வியாபாரத் தந்திரம் புதிதல்ல. தாமஸ் ஹாக்கின்ஸ் என்ற சேகரிப்பாளர் 1834-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்ற கடல் ஊர்வனத் தொகுப்பில், எலும்பில்லாத இடங்களைப் பிளாஸ்டர் கொண்டு நிரப்பி நிறம் தீட்டியிருந்தது விற்பனைக்குப் பிறகுதான் அம்பலமானது. சந்தேகம் மறுபக்கமும் தவறலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1823-இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி ஆனிங் முதல் முழுமையான பிளீசியோசாரைக் கண்டெடுத்தபோது, இவ்வளவு நீளமான கழுத்து இருக்கவே முடியாது, இரண்டு விலங்குகளை ஒட்டியிருப்பார்கள் என்று பாரிஸிலிருந்து உடற்கூறியல் அறிஞர் குவியே ஐயப்பட்டார். பிறகு தம் பிழையை ஒப்புக்கொண்டார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மொரோக்கோவிலிருந்து அரசு அனுமதியின்றிப் புதைபடிவங்களை வெளியே கொண்டுபோகக் கூடாது. 2017 மார்ச்சில் பாரிஸில் ஏலத்துக்கு வரவிருந்த, சுமார் 9 மீட்டர் நீளமுள்ள பிளீசியோசார் எலும்புக்கூடு, அந்நாட்டுப் புவியியலாளர்களின் எதிர்ப்பால் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. உங்கள் வியாபாரியிடம் ஏற்றுமதி அனுமதியின் நகலைக் கேளுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும். அடுத்த மாதம் அவரே ‘பிளீசியோசார் வயிற்றுக் கூழாங்கல்’ என்று வழவழப்பான கற்களை விற்க வரக்கூடும். நீள்கழுத்து வகைகள் கல் விழுங்கியது உண்மை. ஆனால் எலும்புக்கூட்டின் வயிற்றுப் பகுதியிலிருந்து எடுக்காத தனிக் கல் வெறும் கூழாங்கல்தான்.

பள்ளியிடம் பணம் இருந்தால், அருங்காட்சியகங்கள் அச்செடுத்து விற்கும் வார்ப்புப் பிரதி ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். மாணவர்கள் தொட்டுப் பார்க்கலாம், உடைந்தாலும் அழ வேண்டியதில்லை. உங்கள் பல்லைப் பஞ்சு வைத்த சிறு பெட்டியில் வையுங்கள். சான்றிதழை எடுத்துவிட்டு, புதிய அட்டையில் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்: ‘நீள்கழுத்துப் பிளீசியோசார் பல், மொரோக்கோ, அநேகமாக குரிப்கா பாஸ்பேட் படிவு, கல்லின் ஒரு பகுதி செயற்கை.’ ஸரஃபாசாரா என்ற பெயர் வேண்டாம். உதிர்ந்த ஒரு பல்லை வைத்து அந்த அளவுக்குச் சொல்ல முடியாது.