"பழகிவிடும்" என்பது பதில் ஆகுமா?

கேள்வி: கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட்டுப் பத்து நாட்களாகின்றன. வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது. "தசை பழகிவிடும்" என்கிறார்கள். காத்திருக்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வேண்டாம். "பழகிவிடும்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனெனில் அது பாதி உண்மை. வாய் சும்மா இருக்கும்போது மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது வழக்கம். தேய்ந்த பற்களை, எல்லாம் ஒருசேரப் படியும்படி முறையாக உயர்த்தினால், மெல்லும் தசைகளின் இழைகள் தம் நீளத்தை மாற்றிக்கொள்ள, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் புதிய உயரம் இயல்பாகிவிடும். ஒற்றைப் பல் எழும்பி நிற்பது அப்படியன்று. கடிக்கும் விசை அதன்மேல் குவிகிறது, அதைத் தவிர்க்கத் தாடை கோணிக்கொள்கிறது, தசை வலிக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய தாள் இடையில் இருந்தாலும் பற்கள் உணர்ந்துவிடும் என்பதால், உங்களுக்குத் தோன்றுவது பிரமையன்று. வண்ணத்தாளைக் கடிக்கவைத்து, மை பட்ட மேட்டைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால், கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டதை நினைவூட்டிவிட்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: இரவில் பல் நறநறப்பதற்கு, வெந்நீரில் இட்டுக் கடிக்கும் கவசம் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. முன்பற்களை மட்டும் மூடுமாம். வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன், நீங்கள் வாங்காதீர்கள். இரண்டு வாரத்தில் காலையில் முன்பற்கள் சேர மறுத்தன. மூடப்படாத பின்பற்கள் நாளடைவில் எதிர்ப்பல்லைத் தேடி மேலெழும். அதைத் தசை சரிசெய்யாது.

கேள்வி: அம்மாவின் 12 ஆண்டுப் பழைய பல் செட்டை மாற்றினோம். புதியதில் பேசும்போது டக்டக் என்று சத்தம், மாலையில் கன்ன வலி. பில் வாங்கவில்லை.

பதில்: பாவம், அம்மா. பழைய செட் தேய்ந்ததிலும் ஈறு எலும்பு கரைந்ததிலும் கடி தாழ்ந்து, தசைகள் அந்தக் குறுகிய உயரத்துக்குப் பழகியிருக்கும். புதியதை அளவுக்கு மீறி உயர்த்தியதால் வாய் சும்மா இருக்கும்போது வரிசைகளுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளியே போய்விட்டது போலிருக்கிறது. செய்தவரிடமே கொடுத்து உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பில்லைப் பற்றி என்ன சொல்ல? கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசுகிற நாம், பல்லுக்குக் கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச்சீட்டுக் கேட்பதில்லை. கைப்பேசியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: உயரமாக இருக்கும் செட்டை வீட்டில் அரத்தால் ராவலாமா?

பதில்: கூடாது.