காய்ச்சலில் சாப்பிடவில்லை என்றால் இன்சுலின் ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: பினாங்கு, ஜெலுத்தோங்கில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 68. பல வருடங்களாக இனிப்புநீர். அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகளோடு இரவில் இன்சுலின் ஊசியும் போட்டுக்கொள்கிறார். 2021-இல் கோவிட் வந்தபோது இரண்டு நாள் சாப்பிடவில்லையே என்று ஊசியை நிறுத்தினோம். சர்க்கரை 24-க்கு (mmol/L கணக்கில்) ஏறி மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று. மறுபடியும் ஒரு தொற்று வந்தால் என்ன செய்வது? அப்போது வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து கொடுத்தவர், இப்போது ஆறு மாதத்துக்கான இன்சுலினை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: ஊசியை நிறுத்தக் கூடாது, அவரிடம் வாங்கவும் கூடாது.

சாப்பிடாதவருக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறும் என்று நீங்கள் நினைத்ததில் வியப்பில்லை. உடலுக்குள் கிருமி புகுந்ததும் அதை எதிர்ப்பதற்காகக் கார்ட்டிசோல், அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருகுகின்றன; அவற்றால் கல்லீரல் தன் இருப்பிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது, இன்சுலினும் வழக்கம்போல் வேலை செய்வதில்லை. வயிறு காலியாக இருக்கும்போதே சர்க்கரை மானியில் எண் ஏறுவது இதனால்தான். எனவே இரவு ஊசி தொடர வேண்டும். அளவைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதை மட்டும் மானியின் எண்ணைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். சோறு இறங்காவிட்டால் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். எண் 4-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். 15-க்கு மேலேயே நின்றாலும், வாந்தி நிற்காவிட்டாலும், மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 999-ஐ அழையுங்கள்.

மாத்திரைகளில் மெட்ஃபார்மினை, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்வரை நிறுத்தி வைக்கலாம். இன்னொரு வகையைப் பற்றிச் சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள். அப்பாவின் மாத்திரைப் பெயர் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பதுபோல் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிகிறதா என்று உறையை எடுத்துப் பாருங்கள். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. காய்ச்சலோடு சாப்பிடாமல் படுத்திருப்பவர் இவற்றை விழுங்கிக்கொண்டிருந்தால், மானியில் 9, 10 என்று நல்ல எண்ணே தெரிந்தாலும் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் படுத்த நாளிலிருந்து நிறுத்தி, வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆன பிறகே மீண்டும் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போனால் இந்தப் பெயரை முதலில் சொல்லுங்கள்; எண் நன்றாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் அறிவேன்.

இனி அந்த மனிதருக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் மிக அதிகம். இது மருத்துவர்களுக்குக் கவலை, தரகர்களுக்கோ வாடிக்கையாளர் பட்டியல். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். ஜெலுத்தோங் வெயிலில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் கிடந்து, உங்கள் வீட்டு வாசலில் கைமாறும் பெட்டி எத்தனை நாள் எங்கே கிடந்தது என்பது யாருக்குத் தெரியும்? கெட்டுப்போன இன்சுலின் பல நேரங்களில் பார்வைக்குக் கெட்டதாகவே தெரியாது. கலங்கலான வகையை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிய பிறகும் கண்ணாடிச் சுவரில் வெண்துகள் ஒட்டியிருந்தால் தூக்கி எறியலாம். தெளிந்த வகையிலோ அந்த அடையாளமும் பெரும்பாலும் கிடைக்காது. மருந்து போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் நல்ல பெட்டி ஒன்று கிடைத்ததும் மயங்கி விழுவார்கள். இதே ஆட்கள் ‘பக்கவிளைவே இல்லாத மூலிகைப் பொடி’ என்று ஒன்றையும் சேர்த்து விற்பார்கள். இத்தகைய பொடிகளில் கிளைபென்கிளமைட் என்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை மருந்தே கலந்திருப்பது சோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. அட்டையில் ‘மால்’ (MAL) என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் தொடாதீர்கள். எண் இருந்தால் அது அந்தப் பொருளுக்குரியதுதானா என்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தேடலில் பார்த்துவிடலாம்.

தரகர் ஏன் பிழைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கிளினிக்குக்குப் போகவே பலர் அஞ்சினார்கள். இன்றும் சீட்டு மூன்று மாதத்துக்கு எழுதப்படும், மருந்து மாதாமாதம்தான் கைக்கு வரும், தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. வேறு அரசாங்க மருந்தகத்தில் பெற்றுக்கொள்ளவும், மாத்திரைகளை அஞ்சலில் வரவழைக்கவும் வசதிகள் இருக்கின்றன. ஆனால் வயதானவர்களுக்கு அவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல முகப்பில் ஓர் ஆள் இருக்க மாட்டார். நோயாளியே கேட்டுப் பெற வேண்டியிருப்பதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் கேளுங்கள்.

அடுத்த முறை அப்பாவோடு போகும்போது, ஒரு மாதத்துக்கான கையிருப்பு எப்போதும் வீட்டில் இருக்கும்படி தேதியைச் சற்று முன்னதாகத் தர முடியுமா என்று மருந்தாளுநரிடமே கேளுங்கள். ஐஸ் பெட்டியின் உறையவைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இன்சுலினை வைக்காதீர்கள்; ஒருமுறை உறைந்தது, உருகினாலும் உதவாது. திறந்த ஊசிப்பேனாவின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். நான்கு வாரம் கடந்தால் மீதியிருந்தாலும் வேண்டாம்.