பனிக்குள் கிடந்த டிடிடியும் நொய்யல் உப்பும்

அன்புள்ள ஐயா,

ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் உருகி, அந்தக் காலத்து டிடிடி பூச்சிமருந்து இப்போது ஆற்றில் வருகிறது என்று படித்தேன். தடை செய்த மருந்து எப்படித் திரும்ப வரும்? நம் நொய்யலுக்கும் பவானிக்கும் மேலே பனி கிடையாது. அப்படியானால் நமக்குக் கவலை இல்லைதானே? இன்னொன்றும் கேட்கணுங்க. எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. சாயத்தண்ணி நின்று இத்தனை வருசமாகியும் கிணறு உப்பாகவே கிடக்கிறது. ஆற்றில் வெள்ளம் வரும்போது மோட்டார் வைத்துக் கிணற்றுக்கு விட்டுக்கொள்ளலாமா?

— காங்கேயம் வட்டாரத்து வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெள்ளத்தண்ணீரை விடலாம். ஆனால் முதல் தண்ணீரை விடவே கூடாது. காரணம் உங்கள் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

டிடிடி வெயில் நிலத்தில் ஆவியாகிக் காற்றோடு போய், குளிர்ந்த மலையில் பனியோடு படியும். மேலே விழுந்த பனி அதை மூடி இறுக்கிவிடும். இருட்டிலும் குளிரிலும் அது லேசில் சிதையாது. சுவிட்சர்லாந்தின் ஓபரார் அணை 1953இல் கட்டியது. அந்த ஏரியின் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி உருவி, ஆண்டுவாரியாக அடுக்கு பிரித்துச் சோதித்த முடிவு 2009இல் வெளியானது. 1960, 70களில் ஏறிய நஞ்சு, தடைக்குப் பிறகு இறங்கியிருக்கிறது. 90களின் பிற்பகுதியிலிருந்து மறுபடி ஏறியிருக்கிறது. அந்த ஏரிக்கு மேலே வயல் இல்லை, ஆலை இல்லை, பனியாறும் பாறையும்தான்.

உருகும்போது எல்லாம் ஒன்றாக வெளியே வராது. தண்ணீரில் கரையும் உப்புகள் முந்திக்கொள்ளும். பருவப்பனி உருகுகையில் முதல் மூன்றில் ஒரு பங்கு நீரிலேயே அதிலிருந்த உப்பில் பாதிக்கு மேல் போய்விடும். டிடிடி தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. தூசியையும் சேற்றையும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து, ஏரியடியில் தங்கி, மீனின் கொழுப்பில் சேரும்.

நொய்யலுக்குப் பனி இல்லை என்பது சரி. தேக்கி வைத்த அணை இருக்கிறதே! 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு நிற்கும் குட்டையாகிப் போனது. பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத்தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். சாயம்தான் துணியில் ஏறும், உப்பு முழுதும் கழிவோடு வந்துவிடும். உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆனால் அதற்குள் மண்ணிலும் பாறை வெடிப்பிலும் இறங்கிய உப்பு அங்கேயே இருக்கிறது. அந்தத் தண்ணீரையே இறைத்துப் பாய்ச்சினால் வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுப்போகும். அடுத்த மழை அதைக் கரைத்துத் திரும்பக் கிணற்றுக்கே இறக்கும். உங்கள் கிணறு தெளியாததற்கு இதுதான் காரணம்.

புதுத்தண்ணீர் வந்ததும் ஆற்றுப்படுகையில் பூத்திருக்கும் உப்பு முதலில் கரைந்து ஓடும். அதோடு மேலே தேங்கிக் கிடந்ததும் சேரும். அதனால் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, அரை மணிக்கொரு தரம் பாருங்கள். கோடு வரை முக்கி, தட்டிக் குமிழை விரட்டிவிட்டு, எண் நிலைத்த பிறகு படியுங்கள். 500க்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால் எடுக்கலாம். 2000 ஆனால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. ஒன்று கவனம்: அந்த மீட்டர் மின்சாரம் கடத்தும் உப்பை மட்டும்தான் காட்டும். கலங்கல் காட்டாது, சேற்றில் ஒட்டிய குரோமியம், செம்பு எதுவும் காட்டாது. அந்தச் சேறுதான் இரண்டாவதாக வருகிறது. அதனால் எண் இறங்கிய பிறகும் நேராகக் கிணற்றுக்கு விடாமல், பக்கத்தில் ஒரு குட்டையில் ஒரு நாள் நிறுத்தித் தெளிந்ததை மட்டும் விடுங்கள். குட்டையில் படியும் வண்டலை எருவென்று வயலுக்கு அள்ளாதீர்கள், உலோகச் சோதனை செய்யாத வரையில். அணை வண்டலுக்கும் இதே பேச்சுத்தான்.

கிணற்றுத் தண்ணீரைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ வேளாண்துறை மண் ஆய்வகத்துக்கோ கொடுங்கள். மோட்டாரை 20 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் வாய் மட்டம் ஒரு லிட்டர் பிடியுங்கள். மறுநாளுக்குள் சேர்த்துவிடுங்கள். மொத்த உப்போடு சோடியம், கால்சியம், மெக்னீசியம் மூன்றையும் கேளுங்கள். சோடியம் மிஞ்சினால் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. அப்போதுதான் ஜிப்சம் வேலை செய்யும். அது மண்ணிலிருந்து சோடியத்தைக் கழற்றிவிடும், அவ்வளவே. கழன்றதை அடித்துப்போக நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். புரட்டாசிக் கடைசியில் போட்டு உழுது, ஐப்பசி மழையை வரப்புக்குள் நிறுத்தி இறங்கவிட்டு, வடிகாலைத் திறந்து வையுங்கள். எத்தனை மூட்டை என்பதை ஆய்வு முடிவு வந்த பிறகு கேட்டுக்கொள்ளுங்கள்.