ஆங்கிலப் பட்டப்படிப்பில் தொழில்முறை எழுத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது பயன் தருமா?

இலக்கியத்தின் மீதுள்ள விருப்பத்தால் ஆங்கில இளங்கலையில் சேர்ந்திருப்பதாகவும், அடுத்த பருவத்தில் தொழில்முறை எழுத்தை, அதாவது அறிக்கை, வழிமுறை போன்ற பணியிட ஆவணங்களை எழுதும் பயிற்சியை, சிறப்புப் பாடமாக எடுக்கும் வாய்ப்பு வந்திருப்பதாகவும் கூறி, அது வெறும் கடிதம் எழுதும் பயிற்சிதானா, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு அதற்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே பிரிவைப் படித்துவிட்டு இன்று தொழில்நுட்ப ஆவண எழுத்தாளராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு ஒரு காரியத்தைச் செய்து முடிக்க வேண்டிய ஒருவரிடம் அதைக் கொடுத்து, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கும் வாய்ப்பை அந்தப் பாடம் தர வேண்டும். அது இல்லாவிட்டால் கடிதம், அறிக்கை, முன்மொழிவு, தன்விவரக் குறிப்பு ஆகியவற்றின் வடிவங்களை மனப்பாடம் செய்வதுதான் மிஞ்சும். அந்த வடிவங்களை எந்த அலுவலகமும் தன் வழக்கப்படி முதல் வாரத்திலேயே கற்றுக் கொடுத்துவிடும். அதற்காக ஒரு பருவத்தைச் செலவிட வேண்டியதில்லை.

அந்த வாய்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கருத்தரங்க அறையிலிருந்த புரொஜெக்டரை இயக்குவதற்கான வழிமுறையை ஒரு குழு எழுதியிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் வாசகனாக நான் அமர்த்தப்பட்டேன். எழுதியவர்கள் அருகில் நின்று பார்க்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. மூன்றாம் படியில் கருவியை இயக்கச் சொல்லியிருந்தது, இயக்கினேன். நான்காம் படி, வலப்பக்கத் துளையில் கேபிளைச் செருகச் சொன்னது. கருவிக்கு வலப்பக்கமா, கருவியின் முன் நிற்கும் எனக்கு வலப்பக்கமா என்று தெரியாமல் இரண்டு துளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகச் செருகியும் திரையில் நீல நிறத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. பக்கத்தின் அடியில், ஆறாம் படிக்குக் கீழே, கருவியை இயக்குவதற்கு முன்பே கேபிளைச் செருகியிருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு சிறிய எழுத்தில் இருந்தது. எழுதியவர்களில் ஒருவர் சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றார். ஆசிரியரோ நான் எந்தெந்த வரியில் தடுமாறினேன் என்பதை மட்டும் குறித்துக்கொண்டிருந்தார். அடுத்த வரைவில் அந்தக் குறிப்பு முதல் படிக்கு மேலே ஏறியது. ‘வலப்பக்கம்’ போய், துளையின் மேல் அச்சிட்டிருந்த ‘எச்டிஎம்ஐ 2’ என்ற பெயரே வழிமுறையிலும் வந்தது.

அந்தக் குழுவினரின் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இலக்கியக் கட்டுரையை வாசிப்பவர் ஆசிரியர். கடைசி வரி வரை வாசிப்பது அவருடைய கடமை. எச்சரிக்கையை இறுதியில் வைத்தாலும் அவர் அங்கு வந்து சேர்வார். வழிமுறையையோ அறிக்கையையோ கையில் எடுப்பவருக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. தனக்கு வேண்டியது கிடைத்ததும் நிறுத்திவிடுவார், கிடைக்காவிட்டால் அதற்கும் முன்னதாகவே நிறுத்திவிடுவார். இந்த வாசகரை மனத்தில் வைத்து எழுதுவது தனிப்பட்ட ஒரு பழக்கம். நன்றாக எழுதக்கூடிய இலக்கிய மாணவர்களுக்கு இது தானாக வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. நான் பார்த்தவரையில், மதிப்பெண் அதிகம் வாங்கியவர்களே இதில் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள்.

இலக்கியம் படிக்க வந்தவர் இதில் நுழைந்தால் எழுத்துக் கலையை விட்டு வெறும் தொழில்நுட்பத்துக்குள் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சுவது புதிதன்று. 1979-இல் அமெரிக்கப் பேராசிரியர் கேரொலின் மில்லர் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் இன்றும் பாடமாக வாசிக்கப்படுகிறது. மொழி என்பது உண்மையை அப்படியே காட்டும் கண்ணாடிச் சன்னல், அதைத் துடைத்து வைப்பதுதான் தொழில்நுட்ப எழுத்து என்ற எண்ணத்தை அவர் அதில் மறுத்தார். ஒரு சமூகத்துக்குள் நின்று, அதன் வழக்கங்களை அறிந்து, அதன் உறுப்பினராகப் பேசுவதே எழுத்து என்பதால், இதுவும் இலக்கியத்தைப் போன்ற மனிதப் பண்பாட்டுக் கல்விதான் என்பது அவர் வாதம். 1992-இல் ஸ்டீவன் காட்ஸ் என்ற ஆய்வாளர் இதை இன்னும் கடுமையான ஓர் இடத்துக்குக் கொண்டுசென்றார். மனிதர்களை நச்சுப் புகையால் கொல்லப் பயன்பட்ட வாகனங்களில் செய்ய வேண்டிய மாற்றங்களைப் பற்றி 1942-இல் நாஜி அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பாணையை அவர் எடுத்து ஆராய்ந்தார். அலுவலக எழுத்தின் அளவுகோல்களின்படி அதில் குறை சொல்ல எதுவுமில்லை. உள்ளே ஏற்றப்பட்ட மனிதர்கள் மட்டும் அதில் ‘சரக்கு’ ஆகிவிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, ‘சில பணியிடங்கள் நீக்கப்பட்டன’ என்ற வகைச் சொற்றொடரை என் கையால் எழுதும்போதெல்லாம் நீக்கியவர் யார் என்று தேடிக்கொள்கிறேன். இந்தத் தேடலைக் கற்றுத் தந்தது, நாவல்களையும் கவிதைகளையும் சொல் சொல்லாக வாசிக்க வைத்த அதே பட்டப்படிப்புதான்.

இப்படிச் சொல் சொல்லாக வாசிக்கும் நுண்வாசிப்பு அலுவலகத்தில் எங்கே பயன்படும் என்று கேட்பவர்களிடம் அமெரிக்காவின் மேய்ன் மாநிலப் பால் நிறுவனமான ஓக்ஹர்ஸ்ட் வழக்கை நான் எடுத்துக் காட்டுவதுண்டு. கூடுதல் நேர ஊதியம் தர வேண்டாத வேலைகளை அம்மாநிலச் சட்டம் வரிசையாகச் சொல்லிவந்து, இறுதியில் ‘packing for shipment or distribution’ (அனுப்புவதற்காகப் பொதி கட்டுதல் அல்லது விநியோகம் என்றும், அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகப் பொதி கட்டுதல் என்றும் இதை வாசிக்கலாம்) என்று முடித்திருந்தது. ‘or’ என்பதற்கு முன் காற்புள்ளி இல்லை. பொதி கட்டுதலும் விநியோகமும் இரண்டு தனித்தனி வேலைகள் என்றது நிறுவனம். பொதி கட்டுதல் என்ற ஒரே வேலைதான் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது, தாங்கள் பொதி கட்டுவதில்லை, விநியோகம் மட்டுமே செய்கிறோம் என்றார்கள் ஓட்டுநர்கள். சொற்றொடர் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது என்று கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2017-இல் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. வரிசையிலுள்ள மற்ற சொற்களின் விகுதி எது, இந்தச் சொல்லின் விகுதி எது என்பதுவரை அந்தத் தீர்ப்பு அலசுகிறது. உங்கள் கவிதை வகுப்பில் நடப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

எளிய மொழி என்றால் அழகற்ற மொழி என்று நினைக்க வேண்டாம். விமானப் பராமரிப்பு ஆவணங்களுக்கென்று உருவாக்கப்பட்ட எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம், செயல்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கிறது. முதலில் எரிச்சலூட்டும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் எழுதிப் பழகிய பின், வெண்பாவின் தளையைப் போல, எங்கே சொல்லைக் குறைக்கலாம் என்பது கைக்குத் தெரியத் தொடங்கும்.

மென்பொருள்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அவற்றையும், எக்ஸ்எம்எல், மார்க்டவுன் போன்ற ஆவணக் குறியீட்டு மொழிகளையும் தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம். அவற்றை மட்டுமே பட்டியலிடும் பாடத்திட்டம் விரைவில் பழையதாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டீர்கள். தொழில் நிலவரம் ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். 1950-களில் வேர்கொண்ட அமெரிக்கத் தொழில்நுட்பத் தகவல் தொடர்புச் சங்கமே நிதி நெருக்கடியால் 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது. சரளமான முதல் வரைவை எழுதுவது மட்டுமே ஒருவரின் திறமை என்றால் அவருக்கு இனி இடம் குறைவு. ஆனால் என் வேலை நாளில் பெரும்பகுதி எழுதுவதில் கழிவதில்லை. பொறியாளரிடம் போய், இந்த அமைப்பை மாற்றினால் பழைய தரவு அழியுமா என்று கேட்பது, அவர் ‘பொதுவாக அழியாது’ என்றதும் எப்போது அழியும் என்று விடாமல் கேட்பது, விற்பனைப் பிரிவு அந்த எச்சரிக்கையை நீக்கச் சொல்லும்போது ஏன் நீக்கக் கூடாது என்று விளக்குவது ஆகியவற்றில்தான் கழிகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த பத்தியில் எது உண்மையில்லை என்று கண்டுபிடிக்கவும் இதே விசாரிக்கும் பழக்கம்தான் வேண்டும்.

ஆகவே பெயரைப் பதிவு செய்யும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வகுப்புக்கு வெளியே உள்ள ஒரு நிறுவனத்துக்கோ தன்னார்வ அமைப்புக்கோ எழுதித் தரும் செய்முறை வேலை இருக்கிறதா, ஒரே ஆவணத்தைப் பலமுறை திருத்தி எழுத வைத்து அந்தத் திருத்தத்துக்கும் மதிப்பெண் தருகிறார்களா, பிறர் எழுத்தைச் செப்பனிடும் தாள் தனியாக உண்டா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். புள்ளியியலிலோ கணினியிலோ உயிரியலிலோ ஒரு விருப்பப் பாடம் எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துவிடுங்கள். எதைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரிந்த ஒருவரையே அலுவலகங்கள் விரும்புகின்றன. வகுப்பில் செய்த வேலைகளின் முதல் வரைவையும் இறுதி வரைவையும், இடையில் எதை ஏன் மாற்றினீர்கள் என்ற அரைப்பக்கக் குறிப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல்களில் என்னிடம் அந்த அரைப்பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். பயிற்சிக்காலத்தில் நிறுவனத்துக்கு எழுதிய ஆவணங்களை மட்டும் அனுமதி வாங்காமல் அந்தக் கோப்பில் சேர்த்துவிடாதீர்கள்.