மறுபடி மறுபடி பேன்: ஈரைக் கவனியுங்கள்
மருந்து போட்ட இரண்டு வாரத்தில் மகளுக்கு மறுபடி பேன் என்கிறீர்கள். பேன் முட்டையான ஈர் தப்பியிருக்கும். பெர்மெத்ரின் 1% என்ற பேன் மருந்து ஓடுகிற பேனைக் கொல்லும், ஈர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அது பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் 9ஆம் நாள் இன்னொரு தடவை போட வேண்டும். நடுவில் மூன்று நாளைக்கு ஒருதரம் ஈரத்தலையில் கண்டிஷனர் தடவி, வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பேன் சீப்பால் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் ஈர் அப்பியிருக்கும். அதே நாளில் வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள், பாட்டி உட்பட! தலையணை உறை துவைத்தால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாள் தாங்காது. அப்புறம், பக்கத்து வீட்டில் சொன்ன மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். பள்ளித் தோழியின் அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.